சுளிப்பு இல்லாத கையேடு

ரூபி ஏஞ்சலினைப் பயிற்சிக்கு எடுத்ததற்குக் காரணம், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான். இதை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அதுவும் பாராட்டாக.

"கேஸ் கீசர் பாத்திருக்கியாம்மா?" என்று நேர்முகத்தில் ஹேமலதா மேடம் கேட்டார்.

"இல்ல மேடம். எங்க வீட்டுல வெந்நி அடுப்புலதான் போடுவாங்க."

"வாஷிங் மெஷின்?"

"பாத்திருக்கேன். தொட்டதில்ல."

மேடம் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் புன்னகைத்தார். "நல்ல கண்ணு" என்றார். ரூபி தன் கண்ணைத்தான் சொல்கிறார் என்று நினைத்து வெட்கப்பட்டாள்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தொழில்நுட்ப எழுத்தும் தொடர்பியலும் மூன்றாமாண்டு படித்துக்கொண்டிருந்தாள் அவள். ஆறு மாதம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் பட்டம். கையேடு எழுதுவதற்கென்று ஒரு படிப்பு இருக்கும்போது, கையேடு எழுதுகிற வேலை மட்டும் உலகத்தில் இல்லாமல் போய்ப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் எந்திரம் எழுதியது. கல்லூரிகள் மட்டும் இதைக் கேள்விப்படாதது போலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தன.

சிறுசேரியில் இருந்த அந்த நிறுவனத்தின் எழுத்து எந்திரத்துக்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. பயிற்சிப் பிள்ளைகள் அதை அண்ணாச்சி என்றார்கள். எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும், முகத்தைப் பார்த்து அளக்கும், அதனால் அண்ணாச்சி. அண்ணாச்சிக்குத் தெரியாத பொருள் இல்லை. சிக்கலே அதுதான். தெரியாதவன் எந்த இடத்தில் முழிப்பான் என்பதை அதனால் கற்பனை செய்ய முடியவில்லை. அதற்குத்தான் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள்.

வேலை எளிது. பன்னிரண்டு பேர் ஓர் அறையில் உட்கார வேண்டும். நெற்றியில் ஒரு பட்டை. எதிரே திரையில் கையேடு ஓடும். புரியாத வரி வந்தால் நெற்றி தன்னையறியாமல் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாத சுருக்கமாக இருந்தாலும் பட்டை பிடித்துவிடும், வரியின் ஓரத்தில் சிவப்புக் கோடு விழும். அதற்குப் பெயர் சுளிப்பு. சுளிப்பு விழுந்த வரியை அண்ணாச்சி மாற்றி எழுதும். மறுநாள் மறுபடி வாசிக்க வேண்டும். சிவப்பே இல்லாமல் போகும்வரை இந்தக் கூத்து நடக்கும். கடைசியில் பின்னட்டையில் 'சுளிப்பு: பூஜ்யம்' என்று முத்திரை விழும், அதன் கீழே வாசித்த பன்னிரண்டு பேரின் பெயரும் பொடி எழுத்தில் வரும். மனிதர்கள் வாசித்துப் பார்க்காத கையேட்டோடு எந்தப் பொருளையும் விற்கக்கூடாது என்று ஒரு சட்டம் வந்திருந்தது.

முதல் வாரம் ரூபி கேட்டாள். "நாங்க எப்ப மேடம் எழுதுவோம்?"

ஹேமலதா மேடம் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. அவரே ஒரு காலத்தில் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் கையேடு எழுதியவர்தான்; இப்போது வாசிப்பு மேலாளர். "எழுதறதுக்கு ஆள் இருக்கு. புரியாம முழிக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல. நீ எதையும் கத்துக்காம இரு, அது போதும்" என்றார்.

ரைஸ் குக்கர் கையேட்டில் பெயர் வந்ததைப் படம் பிடித்து ரூபி சொந்த ஊரான குரும்பூருக்கு அனுப்பினாள். உடனே அம்மாவிடமிருந்து அழைப்பு.

"ஏட்டி, புக்குல ஒம் பேரு போட்டிருக்கானா?"

"ஆமாம்மா. குக்கரு புக்கு."

"எந்தப் புக்கா இருந்தா என்ன, பேரு பேருதான. பாஸ்டரம்மாட்ட காட்டிட்டு வாரேன்."

நாலாவது மாதம் கேஸ் கீசர் வந்தது. பெரிய கையேடு. சுவரில் மாட்டுவது, குழாய் இணைப்பது, உப்பு படிந்தால் கழுவுவது என்று பத்து நாள் போயிற்று. பதினோராம் நாள் எச்சரிக்கைப் பக்கம் வந்தது. முதல் வரைவு எப்போதும் பொறியாளர்களின் சோதனைக் குறிப்பிலிருந்து அப்படியே இறங்கும், அதனால் முரட்டுத்தனமாக இருக்கும்.

'குளியலறைச் சன்னலை அடைத்துவிட்டு இந்தக் கீசரை ஓட்டினால் இறந்துபோவீர்கள். வாடை வராது. மூச்சு முட்டாது. தூக்கம் மட்டும் வரும்.'

ரூபிக்கு உடம்பு சில்லிட்டது. பன்னிரண்டு திரையிலும் கோடு சிவந்தது.

மதியத்துக்குள் அண்ணாச்சி மாற்றி எழுதியிருந்தது. 'போதிய காற்றோட்டம் இல்லாத இடத்தில் உடல்நலம் பாதிக்கப்படக்கூடும்.' இதற்கு நாலு பேர் சுளித்தார்கள். சாயங்காலம் மூன்றாவது வந்தது. 'காற்றோட்டமான குளியலறை உங்கள் குளியலை மேலும் இனிமையாக்கும்.' யாரும் சுளிக்கவில்லை. பட்டையைக் கழற்றிவிட்டு எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள்.

ரூபி மட்டும் மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், அண்ணாச்சி அந்த வரிய கெடுத்துட்டுது. மொதல்ல எழுதுனது புரியாம யாரும் சுளிக்கல. பயந்துதான் சுளிச்சோம்."

ஹேமலதா மேடம் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"பயந்தாலும் குழம்பினாலும் நெத்தி ஒரே மாதிரிதாம்மா சுருங்கும். பட்டைக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆறு வருஷத்துக்கு முன்னாடியே நான் எழுதிக் கொடுத்தேன். கஸ்டமர் கம்பெனிங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'பரவால்ல, அப்படியே இருக்கட்டும்'னாங்க. பயமுறுத்தாத புக்கு வந்ததுலருந்து பொருளத் திருப்பிக் கொண்டாந்து கொடுக்கறவங்க கொறஞ்சுட்டாங்களாம்."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?"

"ஏன் முடியாது? மறுப்புச் சீட்டு இருக்கே." மேடம் மேசை இழுப்பறையைக் காட்டினார். "இந்த வரி இப்படியே இருக்கணும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. அண்ணாச்சியால தொட முடியாது, நானும் தொட முடியாது. சட்டத்துலயே இருக்கு. ஆனா சீட்டு கொடுத்தவ பட்சபாதமான வாசகி. அந்தக் கையேட்டுல நீ வாசிச்ச நாள் எதுவும் உன் கணக்குல சேராது. பதினோரு நாளையும் திரும்பச் செய்யணும். யோசிச்சுக்கோ."

இழுப்பறையில் சீட்டுக் கட்டு புதுசாக, பிரிக்காமல் இருந்தது.

சீட்டு கொடுத்தவர்களுக்குச் சான்றிதழில் 'நன்று' என்று போட மாட்டார்கள், 'முடித்தார்' என்று மட்டும் போடுவார்கள் என விடுதியில் ஒரு பேச்சு உண்டு. 'முடித்தார்' சான்றிதழை எந்த நிறுவனமும் சீந்தாது. இது உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இதுவரை ஒருவர்கூட எழுதிக் கொடுத்ததில்லை. ரூபியும் எழுதவில்லை. இரவு முழுக்க யோசித்ததாக அவள் பிற்பாடு சொல்லிக்கொண்டாள். உண்மையில் அரை மணி நேரம் யோசித்தாள். அதற்குள் அவளுக்குச் சீட்டைவிட நல்ல வழி ஒன்று கிடைத்துவிட்டது. கெட்டிக்காரப் பெண்.

ஒவ்வொரு கையேட்டின் கடைசி நாளிலும் ஒப்பீட்டு வாசிப்பு என்று ஒன்று நடக்கும். மாற்றி எழுதிய வரிகளின் எல்லா வடிவங்களையும் அடுத்தடுத்துக் காட்டுவார்கள். எதற்குச் சுளிப்பு குறைவோ அது நிற்கும். கீசருக்கு அது திங்கட்கிழமை.

"மொத வரிக்குச் சுளிக்கக் கூடாது. மத்த ரெண்டுக்கும் சுளிக்கணும். அவ்வளவுதான்" என்று ரூபி சாப்பாட்டுக்கூடத்தில் சொன்னாள். பன்னிரண்டு பேரும் ஒரே விடுதி.

மேலப்பாளையத்து நவ்ஃபல் தோசையை வாயில் வைத்தபடி கேட்டான். "செத்துப்போவன்னு எழுதியிருக்கத படிச்சிட்டு எப்படிட்டி சும்மா இருக்கது?"

"பழகணும். நூறு தடவ படிச்சா எதுவும் பழகிரும்."

"அதுக்குப் பேசாம சீட்டு எழுதிக் குடுத்துரலாம்லா?"

"நீ எழுதுதியா?"

நவ்ஃபல் தோசையைப் பார்த்துக்கொண்டான்.

சனியும் ஞாயிறும் பழகினார்கள். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் நெற்றியைப் பார்ப்பார். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு ஆளுக்கொரு உபாயம் கண்டுபிடித்தார்கள். நவ்ஃபல் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னான். ரூபி ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். இறந்துபோவீர்கள், கிருஷ்ணாபுரம். வாடை வராது, செய்துங்கநல்லூர். மூச்சு முட்டாது, கருங்குளம். தூக்கம் மட்டும் வரும், ஸ்ரீவைகுண்டம். ஞாயிறு மாலைக்குள் அவள் அந்த வரியை முந்நூறு தடவை படித்திருந்தாள். அது சோப்புத் தாளில் இருக்கும் எழுத்து மாதிரி ஆகிவிட்டது.

திங்கட்கிழமை பன்னிரண்டு பேரும் பட்டையைக் கட்டிக்கொண்டார்கள். முதல் வரி ஓடியது. ஒரு திரையிலும் சிவப்பு இல்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு புருவத்தை நெரித்தார்கள். முடிவு திரையில் வந்தது. முதல் வடிவம், சுளிப்பு பூஜ்யம், தேர்வு.

ஹேமலதா மேடம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. ஒன்றும் சொல்லவில்லை. அன்று பிள்ளைகள் நாவலூரில் புரோட்டா சாப்பிட்டார்கள். நவ்ஃபல் ரூபிக்கு இன்னொரு ஆம்லெட் சொன்னான். ஓர் எந்திரத்தை ஏமாற்றி எங்கோ முகம் தெரியாத யாரையோ காப்பாற்றிவிட்டோம் என்று அவர்களுக்கு மெய்யாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மே மாதம் சான்றிதழ் வந்தது. 'மிக நன்று' என்று போட்டிருந்தது. ரூபி பட்டம் வாங்கினாள்.

மார்கழியில் சென்னையில் மழையும் குளிருமாக இருந்த ஒரு காலையில், அனகாபுத்தூரில் நிவேதிதா என்கிற ஐந்தாம் வகுப்புச் சிறுமி பள்ளிக்கூடம் கிளம்பக் குளிக்கப் போனாள். சாரல் அடிக்கிறது என்று சன்னலை அடைத்துக்கொண்டாள். நாற்பது நிமிடம் கழித்து அவள் அப்பா பழனிவேல் கதவை உடைத்தார். குழந்தை தூங்குவது போலிருந்தது என்று செய்தியில் எழுதியிருந்தார்கள்.

ரூபி அதைக் கைப்பேசியில் படித்தாள். கீசரின் பெயரைப் பார்த்தாள். 'எச்சரிக்கை இருந்திருக்கும், அவர்கள் படிக்கவில்லை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனம் கேட்கவில்லை. அந்தக் கையேட்டைத் தேடித் தரவிறக்கினாள். அச்சான பிரதியில் பின்னட்டையைத் தவிர எதையும் வாசித்தவர்களுக்குக் காட்டுவதில்லை என்பது நிறுவனத்தின் பழக்கம். இப்போதுதான் முதன்முறையாக முழுதாகப் பார்க்கிறாள். சுவரில் மாட்டுவது இருந்தது. குழாய் இருந்தது. உப்பு இருந்தது. எச்சரிக்கைப் பக்கத்தில் அந்த வரி இல்லை. மூன்று வடிவத்தில் ஒன்றுகூட இல்லை.

உடனே மேடத்தைக் கூப்பிட்டாள்.

"நீங்க எல்லாரும் போனதுக்கு அப்புறம் ஒரு சுற்று இருக்கும்மா" என்றார் ஹேமலதா. குரல் களைத்திருந்தது. "நீளத்தக் குறைக்கிற சுற்று. சுளிப்பு இருந்தா மாத்தி எழுதும். ஆனா பன்னெண்டு பேருக்கும் ஒரு அசைவுகூட இல்லன்னா, அது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்னு அர்த்தம். எடுத்துடும். சாதாரண வரிக்கே நெத்தி கொஞ்சமாவது ஆடும் ரூபி. உங்களுது செத்துப்போன கோடு மாதிரி இருந்துச்சு."

வாசகருக்குத் தெரிந்ததை எழுதாதே. முதல் பருவத்தின் முதல் பாடம். பன்னிரண்டு பேரும் அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள்.

"நீங்க ஏன் மேடம் சொல்லல?"

"நீங்க பழகிட்டு வந்தீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது. அண்ணாச்சி எடுத்துடும்னு அன்னிக்கு எனக்குத் தோணல. தோணியிருந்தா சொல்லியிருப்பேனான்னு கேக்காத. விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. உன் பேரு பின்னட்டைல இருக்கு. போய், 'படிச்சேன், எனக்கு ஒண்ணும் தோணல'ன்னு சொல்லிட்டு வந்துடு. உனக்கும் ஒண்ணும் ஆகாது, கம்பெனிக்கும் ஒண்ணும் ஆகாது. பன்னெண்டு பேருக்கு ஒரு விஷயம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அத எழுதாம விட்டது குத்தமில்ல. சட்டம் அப்படித்தான் இருக்கு. உங்கள அங்க உக்கார வெச்சதே முழிக்கிறதுக்குன்னு நெனச்சியா? பேருக்கும்மா. உங்க பேருக்கு."

ரூபி குரும்பூரிலிருந்து விசாரணைக்குச் சென்னை கிளம்பும்போது அம்மாவிடம் வேலைக்கான நேர்முகம் என்று சொன்னாள். ரயிலில் தூங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று செங்கல்பட்டு தாண்டும்போது முடிவு செய்தாள். சான்றிதழைப் பிடுங்கினாலும் பிடுங்கட்டும்.

சொன்னாள். விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். முழுவதையும் கேட்டுக்கொண்டார். சுவரோரம் நாற்காலியில் பழனிவேல் உட்கார்ந்திருந்தார். திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுகிறவர்; விரல் இடுக்கில் எண்ணெய்க் கறை போகாத கைகளை மடியில் வைத்திருந்தார்.

"அந்த வரியப் படிச்சப்போ பயந்தேன்னு சொல்றீங்க" என்றார் அதிகாரி. "பதிவுல பயமே இல்லையேம்மா. நேர்கோடா இருக்கு."

"பயத்த அடக்குறதுக்குப் பழகினோம் சார்."

"ரெண்டு நாள்லயா?"

"முந்நூறு தடவ படிச்சோம் சார்."

நிறுவனத்தின் வக்கீல் எழுந்து, வேண்டுமானால் இங்கேயே சோதித்துப் பார்க்கலாமே என்றார். பட்டை கொண்டுவந்திருந்தார்கள். ரூபியின் நெற்றியில் கட்டி, திரையில் அந்த வரியைப் போட்டார்கள். அவள் நிவேதிதாவை நினைத்துக்கொண்டாள். செய்தியில் வந்த இரட்டைச் சடைப் படத்தை நினைத்துக்கொண்டாள். சுளி, சுளி என்று தன்னையே கெஞ்சினாள். கண்ணில் நீர் முட்டியது. ஆனால் கண் வரியின்மேல் போனதும் அது வெறும் எழுத்தாக ஓடிப் போயிற்று. கோடு நேராக இருந்தது.

"வேணும்னா புருவத்த நெரிக்கலாம்மா, ஆனா எதிர்ல உக்காந்திருக்கிற எனக்கு அது தெரிஞ்சுடும்" என்றார் அதிகாரி, இரக்கத்தோடு. பிறகு சொல்லிச் சொல்லி எழுதவைத்தார். "சாட்சி மன உளைச்சலில் இருக்கிறார். அவர் கூற்றுக்குப் பதிவில் ஆதாரம் இல்லை."

மற்ற பதினொரு பேரும் ஒன்றும் தோன்றவில்லை என்றே எழுதிக் கொடுத்திருந்தார்கள். நவ்ஃபலும். ரூபியின் சான்றிதழை யாரும் பிடுங்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய் அருகே பழனிவேல் நின்றுகொண்டிருந்தார். ரூபி தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போகப் பார்த்தாள்.

"பாப்பா" என்றார் அவர். "நீ சொன்னத நான் நம்புறேன்."

அந்த வார்த்தை அவளை அங்கேயே நிறுத்தியது. செய்தியைப் படித்ததிலிருந்து வராத அழுகை வந்தது. அவள் அழுது முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

"நான் புக்கு படிக்கிற ஆளும்மா. மிஷினோட வேல பாக்கறவன், படிக்காம எதையும் தொட மாட்டேன். அந்தக் கீசர் புக்க முழுசா ரெண்டு தபா படிச்சேன். வூட்டுல படிச்சும் காட்டினேன். அந்த ஒரு வரி இருந்திருந்தா சன்னல் கதவையே கழட்டிப் போட்டிருப்பேன்."

ரூபி தலையசைத்தாள்.

"உள்ள ஏதோ சீட்டுன்னு சொன்னியே. அத எழுதிக் குடுத்திருந்தா அந்த வரி நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும்ணே."

"யாராலயும் எடுத்திருக்க முடியாதா?"

"முடியாதுண்ணே."

"எழுதினா உனக்கு என்னம்மா ஆயிருக்கும்? வேலையவிட்டுத் தூக்கிருப்பாங்களா?" அவர் குற்றம் சாட்டவில்லை. ஒரு மிஷின் ஏன் நின்றது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்பது போலத்தான் கேட்டார்.

சான்றிதழ், 'நன்று', 'முடித்தார்' எல்லாம் அவள் நாக்கு வரை வந்தன. எதையும் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"பதினோரு நாள் திரும்ப வேல பாக்கணும்ணே."

பழனிவேல் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, தோள் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"பதினோரு நாளு" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.